பத்தாயிரம் தொன்னில் ஒரு கப்பல்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. கடலிலே மிதக்கவிடும் கப்பலுக்கும் அளவொன்று வேண்டுமென்று உலக வல்லரசுகள் ஒருமுறை ஏட்டிலெழுதி ஒப்பமிட்டன. அந்த அளவின் கதையையும், அது நம் இலங்கைக்கு அணித்தான கடலிலே வந்து சோதிக்கப்பட்ட விதத்தையும் இவ்வாரம் ஆராய்வோம்.

முதல் உலகப் போர் முடிந்தபின், 1922ஆம் ஆண்டில் பிரித்தானியா, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளும் வாஷிங்டன் நகரில் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. ‘குரூஸர்’ எனப்படும் விரைவுப் போர்க்கப்பல் 10,000 தொன்னுக்கு மேற்படலாகாது; அதன் பீரங்கிகளின் வாய் விட்டம் 8 அங்குலத்தைக் கடக்கலாகாது என விதித்தன. பிரித்தானியரிடம் ஏற்கெனவே ஹோக்கின்ஸ் வகைக் கப்பல்கள் ஏறக்குறைய அந்நிறையில் இருந்தன. அவற்றை இழக்க மனமின்மையும் இவ்வெல்லைக்கு ஒரு காரணமாயிற்று. மேலெல்லையாக வைத்தது விரைவிலே எல்லாரும் எட்டிப்பிடிக்கும் இலக்காகிவிட்டது.

மாணவ நண்பர்களே, இப்பொழுது கையில் ஒரு பென்சிலை எடுங்கள். கடற்போர் வரலாற்றில் ஆர்வமுள்ளோர் இன்றும் இவ்வெல்லைக்குள் கற்பனைக் கப்பல்களை வரைந்து பார்ப்பதுண்டு. அது வெறும் விளையாட்டன்று. நல்லதொரு கணக்குப் பயிற்சி. உங்களிடம் இருப்பது 10,000 தொன். எரிபொருள் இக்கணக்கில் சேராது. பீரங்கிகள், கவசம், இயந்திரம், உடற்கட்டு யாவும் இதற்குள் அடங்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தே ஆகவேண்டும்.

இந்நியாயம் எங்கள் கீரிக் கடற்கரையிலுள்ள சம்மாட்டியாருக்குப் புதிதன்று. வள்ளம் தாங்கும் பாரம் இவ்வளவு என்று அவர் அறிவார். பெரிய இயந்திரம் பூட்டினால் வலையும் ஐசும் குறையும். வலையை மிகுதியாக ஏற்றினால் வேகம் குறையும். கப்பற் சிற்பியும் அதே தராசைத்தான் பிடித்து நிற்கின்றார்.

பிரித்தானியச் சிற்பி யூஸ்டஸ் டெனிசன் டின்கோர்ட் எதைத் தேர்ந்தார்? உலகெங்கும் பரந்த வணிகக் கடல்வழிகளைக் காப்பதே அக்கப்பலின் தொழில். ஆகவே உயர்ந்த பக்கங்களும் நெடுந்தூரம் ஓடும் ஆற்றலும் அதற்கு வேண்டியனவாயின. சுமார் 630 அடி நீளம், எட்டுப் பீரங்கிகள், 80,000 குதிரைவலு, மணிக்கு 31 கடல் மைலுக்கு மேற்பட்ட வேகம். மூவாயிரம் தொன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றி, மெதுவாகச் சென்றால் பன்னீராயிரம் கடல் மைல் ஓடும். குறைந்தது கவசமே. வெடிமருந்து அறைகளைச் சூழ ஏறக்குறைய 4 அங்குல உருக்குத் தகடு. இயந்திர அறைகளின் பக்கங்களிலோ ஓர் அங்குலந்தான். பிரித்தானியக் கோட்டங்களின் பெயர்களைத் தாங்கிய இவ்வகையைக் ‘கவுண்டி’ வகை என்பர்.

இதைவிடத் தடித்த கவசம் போர்த்தியிருக்க முடியாதா? முடியும் என்பதற்குக் கடதாசியிலேயே நின்றுவிட்ட இரு கப்பல்கள் சான்று. சரே, நோர்தம்பர்லாண்ட் என்று அவற்றுக்குப் பெயரிட்டிருந்தனர். வேகத்தை 30 கடல் மைலாகக் குறைத்துக் கவசத்தைக் கூட்டுவதே திட்டம். வேகம் இருமடங்காக வேண்டின் வலு ஏறத்தாழ எட்டு மடங்கு வேண்டும் என்பது பொது விதி. இதன்படி 32இலிருந்து 30க்கு இறங்கினாலே தேவையான வலுவில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு மிச்சமாகும். இயந்திரத்தில் மிச்சமான நிறை கவசமாக மாறும். ஆயினும் 1930ஆம் ஆண்டில் அவ்விரு கப்பல்களும் கைவிடப்பட்டன.

இனி நம் கடலுக்கு வருவோம். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி இரவு டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்னும் இரு கவுண்டி வகைக் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டன. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. பிற்பகலில், இலங்கைக்குத் தென்மேற்கே ஆழ்கடலில், ஐம்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் அவ்விரு கப்பல்கள் மீதும் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசின. அரை மணி நேரத்துக்குள் இரண்டும் மூழ்கின. 424 பேர் மாண்டனர். எஞ்சிய 1,122 பேர் ஓரிரவும் ஈர் பகலுமாகக் கடலில் கிடந்து, மறுநாள் மாலையில் மீட்கப்பட்டனர்.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கோர்ன்வால் கப்பலுக்கு 1930களின் நடுப்பகுதியில் இயந்திர அறைகளின் பக்கவாட்டில் நாலரை அங்குலக் கவசம் பூட்டியிருந்தனர். டோர்செட்ஷயருக்கு அது இல்லை. இருந்தும் இரண்டும் ஒரே கதியையே அடைந்தன. பக்கக் கவசம் எதிரிக் கப்பலின் பீரங்கிக் குண்டைத் தடுக்க இட்ட வேலி. குண்டோ வானிலிருந்து வந்தது. வேலியை உயர்த்திவிட்டுக் கூரையை மெல்லிதாக விட்ட வீடு போலாயிற்று. சரே அன்று கட்டப்பட்டு அவ்விடத்தில் நின்றிருந்தாலும், அத்தனை விமானங்களுக்கு முன் தப்பியிருக்கும் என்று நாம் நம்பவில்லை. அக்கப்பல்களுக்கு அன்று வேண்டியிருந்தவை வானை நோக்கிச் சுடும் துப்பாக்கிகள் பலவும், மேலே நின்று காக்கும் சொந்த விமானங்களுமே.

அதனால் அச்சிற்பிகளைக் குறைகூறல் தகுமோ? தகாது. அவர்கள் வரைந்த காலத்தில் விமானம் இன்னும் தவழும் பிள்ளை. தமக்கு இட்ட கேள்விக்கு அவர்கள் செம்மையாகவே விடையளித்தனர். இடையே கேள்வி மாறிவிட்டது. இருபதாண்டுகளுக்கு முந்திய விடையோடு 1,500க்கு மேற்பட்ட மனிதரைத் துணையின்றிக் கடலுக்கு அனுப்பியதே துயரம்.

கற்பனைக் கப்பல் வரையும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். எத்தனை பீரங்கி வைத்தாய் என்று மட்டும் எழுதாதே. அதற்காக எதைக் கழற்றினாய் என்பதையும், எந்தக் கடலில் எந்தப் பகைவனை எண்ணி வரைந்தாய் என்பதையும், அதில் ஏறப்போகும் மனிதர் எத்தனை பேர் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வை. கடைசியாகச் சொன்ன அந்த எண்ணை முதலில் எழுதினால் இன்னும் நல்லது.