நிபந்தனையோடு தரும் வாக்கு

சி பிளஸ் பிளஸ் மொழிக்குள் 2011-இல் 'நோஎக்ஸெப்ட்' வந்தது. ஒரு ஃபங்ஷனின் தலைப்பில் அதை எழுதினால், இதிலிருந்து எந்த எக்ஸெப்ஷனும் வெளியே வராது என்று கம்பைலருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வாக்குத் தவறினால் புரோகிராம் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும்.

சாதாரண ஃபங்ஷனுக்கு இது எளிது. டெம்ப்ளேட் எழுதுகிறவர் பாடுதான் திண்டாட்டம். நாளை யாருடைய டைப் உள்ளே வரும் என்று அவருக்குத் தெரியாது. முகம் தெரியாதவருக்காக எப்படி ஜாமீன் நிற்பது? அதனால்தான் அந்தச் சொல்லை அடுத்து, அடைப்புக்குறிக்குள் நிபந்தனை எழுதவும் வழி வைத்தார்கள்: உள்ளே வரும் டைப் எக்ஸெப்ஷன் எறியாது என்றால் நானும் எறியமாட்டேன்.

இந்த வாக்கையே எழுத மறந்தால் என்ன ஆகும்? லைப்ரரியின் வெக்டரைப் பாருங்கள். இடம் நிரம்பியதும் அது பெரிய இடம் பிடித்து, பழைய உறுப்புகளை அங்கே மாற்றுகிறது. பாதி உறுப்புகளை மூவ் செய்தபின் (அதாவது நகலெடுக்காமல் உள்ளடக்கத்தையே நகர்த்தியபின்) ஒன்று எக்ஸெப்ஷன் எறிந்தால், பழைய இடமும் குலைந்துபோயிருக்கும், புதியதும் முடிந்திருக்காது. பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. ஆகவே மூவ் எறியாது என்ற வாக்கு இல்லாத டைப்பை, காப்பி எடுக்க முடியுமானால், வெக்டர் காப்பியே எடுக்கிறது. ஸ்ட்ரிங்கைச் சுமக்கும் ஒரு டெம்ப்ளேட்டுக்கு நீங்களே காப்பி, மூவ் கன்ஸ்ட்ரக்டர்கள் இரண்டையும் எழுதி, மூவில் 'நோஎக்ஸெப்ட்' சொல்லை விட்டுவிட்டால், வெக்டர் பெருகும்போதெல்லாம் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் நகலாகும். விடை சரியாகவே வரும். டெஸ்ட் எல்லாம் தேறும். வேகம் மட்டும் போய்விடும்; ஏன் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

அதற்காக நிபந்தனை இல்லாமல் எழுதிவிடலாமா? கூடாது. லைப்ரரியின் லிஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் மூவ் கன்ஸ்ட்ரக்டர் எறியாது என்று மொழித்தரம் உறுதி தரவில்லை. சில கம்பைலர்களோடு வரும் லிஸ்ட், மூவ் செய்யும்போதும் ஒரு காவல் கணுவுக்காக நினைவகம் கேட்கிறது. அது கிடைக்காத நாளில் உங்கள் பொய் வாக்கு புரோகிராமையே சாய்த்துவிடும்.

நிபந்தனை எழுதுவதும் சுகமான வேலை அல்ல. மூவ் கன்ஸ்ட்ரக்டரை 'டிஃபால்ட்' என்று விட்டால் கம்பைலரே உறுப்புகளைப் பார்த்து முடிவு செய்துகொள்ளும். மற்ற ஃபங்ஷன்களில், உடம்பில் எழுதிய அதே கோவையை 'நோஎக்ஸெப்ட்(நோஎக்ஸெப்ட்(...))' என்று தலைப்பிலும் எழுத வேண்டும். உடம்பைத் திருத்துகிறவர் தலைப்பைத் திருத்த மறப்பார். டி மொழியில் இந்தத் தொல்லை இல்லை. டெம்ப்ளேட்டின் உடம்பு கண்முன் இருப்பதால், 'நோத்ரோ', 'ப்யூர்' போன்றவற்றை டி கம்பைலர் தானே வருவித்துக்கொள்கிறது.

சி பிளஸ் பிளஸுக்கும் அப்படி ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது, ஏற்கப்படவில்லை. உடம்பில் ஒரு வரி மாறினால் வாக்கும் சத்தமில்லாமல் மாறிவிடும், அதை நம்பியிருப்பவர் ஏமாறுவார் என்ற அச்சம் நியாயமானதே. ஆனாலும் கையால் எழுதிய நிபந்தனைகளும் அதே போலப் பிசகத்தான் செய்கின்றன. வெளியார் நம்பியிருக்கும் இன்டர்ஃபேஸில் வாக்கைக் கையாலேயே எழுதட்டும்; உள்ளே புழங்கும் டெம்ப்ளேட்டுகளுக்காவது வருவித்துக்கொள்ளும் உரிமையைக் கம்பைலருக்குத் தரவேண்டும் என்பது எங்கள் கட்சி. இப்படிப்பட்ட வசதிகள் இந்த மொழிக்குத் தாமதமாகத்தான் வருகின்றன: மறைமுக டைப் மாற்றத்தைத் தடுக்கும் 'எக்ஸ்ப்ளிசிட்' சொல்லுக்கே 2020-இல்தான் நிபந்தனை எழுத இடம் கிடைத்தது. அதுவரை ஒரே கன்ஸ்ட்ரக்டரை இரண்டாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த உரிமை வரும்வரை, டெம்ப்ளேட் எழுதும் நண்பர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் டெம்ப்ளேட்டை ஸ்ட்ரிங்கோடு சேர்த்து, எறியாமல் மூவ் ஆகிறதா என்று ஒரு 'ஸ்டாட்டிக் அஸெர்ட்' வரியைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். வாக்குப் பிசகினால் கம்பைல் ஆகும்போதே தெரிந்துவிடும்.