கெமிஸ்ட்ரி படித்தவனுக்குக் கோர்ட்டில் என்ன வேலை?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பட்டம் வாங்கியதும் என்ன செய்யப் போகிறாய் என்று எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் மூன்று விடைகள்தாம் கிடைக்கும். எம்.எஸ்ஸி., பி.எட்., அல்லது அரசு வேலைக்கான தேர்வு. நான் "சட்டம் படிக்கப் போகிறேன்" என்று சொன்ன அன்று, ஆய்வகத்தில் பக்கத்தில் நின்ற நண்பன் பியூரெட்டைக் கீழே போடாத குறைதான். "அதற்கு எதற்கடா மூணு வருஷம் கெமிஸ்ட்ரி? கெமிஸ்ட்ரி படிச்சவனுக்குக் கோர்ட்டில் என்ன வேலை?" என்று கேட்டான்.

அன்று என்னிடம் விடை இல்லை. கேள்வி நியாயமானது என்பதால் அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஓராண்டாகப் படித்தும் பெரியவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை நண்பனுக்கும், அவனைப்போல் எண்ணும் மற்றவர்களுக்கும் விடையாக இங்கே எழுதுகிறேன்.

ஆய்வகமும் நீதிமன்றமும்

தண்ணீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கரைசல் கொண்டு நாம் அளக்கிறோம். ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதும் மறந்துவிடுகிறோம். ஆனால் பாலாற்றங்கரை மக்களின் வாழ்வு இத்தகைய அளவுகளை நம்பித்தான் நீதிமன்றம் ஏறியது. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குரோம் முறையில் தோல் பதனிட ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பயிருக்கு முழுவதுமாகவோ ஓரளவோ உதவாமற் போயிற்று என்றும் அத்தீர்ப்பில் காண்கிறோம். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் சொல்லிற்று. எனினும் மாசு ஓயவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. குரோமியம் உடலுக்குள் சென்றால் என்ன செய்யும் என்பதை அறிந்த வழக்கறிஞர் இன்னும் வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்?

மற்றொன்றும் சொல்வேன். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கிளிவெக் என்னும் மருந்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் மனுச் செய்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். இமாட்டினிப் மெசிலேட் என்ற பொருளின் 'பீட்டா' படிக வடிவம் புதிய கண்டுபிடிப்பா, அன்றித் தெரிந்த பொருளின் இன்னொரு வடிவமா என்பதே வழக்கு. சென்னை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. புதிய வடிவம் உடலில் 30 சதவீதம் அதிகமாகச் சேர்கிறது என்று நிறுவனம் வாதிட்டது. அதனால் நோய் தீர்க்கும் திறன் கூடியதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறியது. நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து சுமார் 10,000 ரூபாய்க்குள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. படிக வடிவங்களைப் பற்றிய பாடம் நமக்குத் தேர்வில் சில மதிப்பெண். அந்த நோயாளிகளுக்கு அது உயிர்.

இன்னும் கேளுங்கள். காப்புரிமை முகவர் தேர்வை எழுத, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும் என்கிறது 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் திரட்ட வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். நிபுணர் கூண்டில் ஏறி நின்று சொல்வதைக் குறுக்கு விசாரணை செய்யவும் அறிவியல் தெரிய வேண்டாமா? தவறான ஆய்வறிக்கையால் நிரபராதி ஒருவன் சிறை செல்ல நேர்ந்தால், அந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அவனுடைய வழக்கறிஞர் அல்லவா?

எப்படிச் சேர்த்துப் படிப்பது?

இரு பட்டங்களையும் ஒரே சமயத்தில் படித்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிகாட்டு நெறி வெளியிட்டது உண்மைதான். ஆனால் தொழிற்படிப்புகளுக்கு அந்தந்த மன்றத்தின் விதியும் பொருந்தும் என்று அதிலேயே உள்ளது. இந்தியப் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளோ, சட்டப் படிப்போடு இன்னொரு பட்டப் படிப்பில் சேர்வதைத் தடுக்கின்றன. தொலைநிலைக் கல்விக்கு மட்டும் அவ்விதிகளில் விலக்கு உண்டு. ஆகவே யாரோ சொன்னார் என்று இரண்டு கல்லூரியில் பெயரைப் பதிந்துவிட்டு, நாளை வழக்கறிஞராகப் பதியும்போது திண்டாட வேண்டாம்.

நேர்வழிகள் இரண்டு. பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேர்ந்தால் இரு பட்டமும் ஒன்றாகக் கிடைக்கும். நம்மைப்போல் ஒரு பட்டம் முடித்தவர்கள் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம்.

டாக்டர் அம்பேத்கர் 1916இல் லண்டனில் பொருளாதாரப் படிப்பிலும் பாரிஸ்டர் படிப்பிலும் ஒன்றாகவே சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்ப நேர்ந்தது. 1920இல் மறுபடியும் சென்று 1922இல் பாரிஸ்டரானார்; 1923இல் பொருளாதாரத்தில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் அங்கே தடை இல்லை. அவரையே நிறுத்தியது பணம்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

என் வீட்டுக் கணக்கு

பணம் என்று வந்துவிட்டதால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்தபோது ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சொல்லவும் ஆள் இல்லை. முதலாண்டு முடிவில் தெரிந்தபோது, பி.எஸ்ஸி.யை விட்டுவிட்டு அதில் சேர்ந்துவிடலாமா என்று பல இரவு தூங்காமல் கிடந்தேன். பிறகு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓராண்டு போனது போனதுதான். அதோடு ஐந்து சேர்ந்தால் ஆறு. பி.எஸ்ஸி.யை முடித்து மூன்றாண்டு படித்தாலும் ஆறு. இரண்டாம் ஆண்டு முடிந்து விலகினாலோ ஏழு! பாதியில் விட்டவனுக்கு வேதியியலும் இல்லை, காலமும் மிச்சமில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஆறு வருஷம் ஆனதும் சம்பளம் வருமா?" என்று மட்டும் கேட்டார். வரும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனெனில் ஜூனியராக இருக்கும் ஆண்டுகள் கடினமானவை. ஜூனியர்களுக்கு நகரங்களில் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் மாத உதவித்தொகை தரலாம் என்று இந்தியப் பார் கவுன்சில் 2024இல் பரிந்துரைத்தது. பரிந்துரை கட்டளை ஆகாது. நீதிபதித் தேர்வுக்குப் போகலாம் என்றாலோ, மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சட்டம் குறித்துள்ள 750 ரூபாய்க்கு மேல், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், மாநிலப் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் கூறியது. இவற்றையெல்லாம் அப்பாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். "சரி, முதல்ல எடுத்ததை முடி" என்றார். அதைவிட நல்ல அறிவுரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாண்டுப் படிப்பு பழைய முறை, ஐந்தாண்டு ஒன்றே போதும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். பதினேழு வயதிலேயே தன் வழி தெரிந்தவர் ஐந்தாண்டில் சேரட்டும்; ஓராண்டு மிச்சம், நானும் அதையே சொல்வேன். ஆனால் வழிகாட்ட ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பதினேழில் எது தெரியும்? காலந்தாழ்ந்து தெரிந்துகொள்பவனுக்குத் திறந்திருக்கும் கதவு மூன்றாண்டுப் படிப்பு. அதை மூடினால் இழப்பு நம்போன்றோருக்கே.

சில வேண்டுகோள்கள்

நண்பர்களுக்கு: சட்டம்தானே போகப் போகிறோம் என்று வேதியியலை அலட்சியம் செய்யாதீர்கள். நம் மாநிலத்தில் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் பட்டப் படிப்பின் மதிப்பெண்தான் அடிப்படை.

பேராசிரியப் பெருமக்களுக்கு: நம் நூலகத்தில் அரசியலமைப்பும் சுற்றுச்சூழல் சட்டமும் தமிழில் ஒரு படியேனும் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை வழக்கறிஞர் ஒருவரை அறிவியல் மன்றக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும்.

அரசுக்கு: நம் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பு என்றால் பி.ஏ.வோடு சேர்ந்ததாகவே இருக்கிறது. பி.எஸ்ஸி., எல்.எல்.பி. என்று ஒன்றை அங்கே தொடங்கினால் என்ன? குறைந்த கட்டணத்தில் அதைப் படிக்க எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள்.

நண்பா, கெமிஸ்ட்ரி படித்தவனுக்குக் கோர்ட்டில் வேலை இருக்கிறது. அந்த வேலை கிடைக்கும்வரை வீடு தாங்குமா என்பதுதான் என்னைப் போன்றவன் முன் நிற்கும் கேள்வி. அதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. விடுமுறையில் செய்யும் வேலையிலும் சிக்கனத்திலும்தான் தேட வேண்டும். மூன்றாமாண்டுத் தேர்வு முடிந்ததும் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் போகிறேன். உடன் வருவோர் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்; சேர்ந்தே போகலாம்.