பிள்ளையைத் திட்டுவதற்கு முன் மவுஸைக் கழற்றுங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனால் முதலில் மாட்டிக்கொள்வது பிள்ளைதான். "என்ன டவுன்லோட் பண்ணின? எந்த கேம் போட்ட?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். அடுத்தது, "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்ற முடிவு. இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய சின்னப் பொருள் ஒன்று இருக்கிறது: வயர்லெஸ் மவுஸோடு வரும் நகத்தளவு டாங்கிள்.

என் அக்கா வீட்டில் போன மாதம் இதுதான் நடந்தது. மகனுக்கு 12 வயது. மூடிவைத்த லேப்டாப்பைத் திறந்தாலே நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகும். பாதி எழுதிய ஹோம்வொர்க் போச்சு. "நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அக்கா போன் செய்தபோது, "அவனை விடு, விண்டோஸைக் கேட்போம்" என்றேன்.

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று டைப் செய்தால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். எந்த நாளில் என்ன கோளாறு என்று காலண்டர் மாதிரி காட்டும். சிவப்புக் குறி என்றால் பெரிய கோளாறு. எந்த நாளில் எந்த மென்பொருள் ஏறியது என்பதும் அங்கேயே இருக்கும். அக்கா வீட்டில் முதல் சிவப்புக் குறி விழுந்தது, புது மவுஸின் மென்பொருள் ஏறிய மறுநாள். அதைப் போட்டது அத்தான்!

சாதாரண மவுஸுக்குத் தேவையான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. கூடுதல் பட்டன், கலர் லைட்டுக்காகத் தயாரிப்பாளர் தரும் மென்பொருள் சில சமயம் தன் சொந்த டிரைவரையும் ஏற்றிவிடும். ஒரு ஆப் கெட்டால் அது மட்டும் மூடும். டிரைவர் கெட்டால் விண்டோஸே நின்றுவிடும், குறிப்பாக ஸ்லீப்பிலிருந்து எழும்போது.

உங்கள் வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

திரை உறைந்தவுடன் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, மவுஸ் மட்டும் போயிருக்கலாம். உடனே கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் ஹோம்வொர்க் தப்பிக்கலாம்.

மவுஸ் மட்டும் திக்கினால், முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அப்புறம் டாங்கிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் ஓடினால், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே சொல்லியிருக்கிறது. பெரும்பாலான டாங்கிள்கள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ஒரு குட்டி யூஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வைத்தால் போதும்.

முழுக் கம்ப்யூட்டரும் விழுந்தால், ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் நாலு மாற்றம் செய்தால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

ஒன்று: டாங்கிளைக் கழற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் டச்பேடிலோ வயர் மவுஸிலோ வேலை செய்யுங்கள். அப்பவும் விழுந்தால் டாங்கிள் நிரபராதி; மவுஸ் மென்பொருளையும் நீக்கிப் பார்த்துவிட்டு, சூடு, மெமரி, டிஸ்க் பக்கம் பாருங்கள்.

இரண்டு: விழவில்லை என்றால், டாங்கிளை வேறு போர்ட்டில் செருகுங்கள்.

மூன்று: திரும்பவும் விழுந்தால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் மவுஸ் மென்பொருளை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட்டையும் முடித்துவிடுங்கள்.

நான்கு: ஸ்லீப்பிலிருந்து எழும்போது மட்டும் விழுகிறதா? டிவைஸ் மேனேஜரில் 'யூஎஸ்பி ரூட் ஹப்' திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதி இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஐந்து: அதே மவுஸை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் தகராறு என்றால் ரசீதைத் தேடி, கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டில் மூன்றாவது படியிலேயே முடிந்துவிட்டது. சிவப்புக் குறிகளைப் பார்த்து, "சாரிடா தம்பி" என்றாள் அக்கா. அவன் அன்றைக்கு வீட்டில் ராஜா.

இதையெல்லாம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்தே செய்யுங்கள். ஆதாரம் பார்த்துப் பேசும் பழக்கம் அவர்களுக்கும் வரும், நமக்கும் வரும். டிராயரில் ஒரு வயர் மவுஸும் இருக்கட்டும். அதன் விலை ஒரு பீட்சாவைத் தாண்டாது.