மூட்டு ஒட்ட வேண்டும்

என் நாய் கருப்பன் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து குதித்த அன்று, அவனுடைய வலது முன்னங்கால் நிமிரவே இல்லை. விரல்களில் ஊன்றி நிற்க வேண்டியவன், மணிக்கட்டுவரை தரையில் படிய, கால் பதித்து நின்றான். மணிக்கட்டின் அடிப்பக்கத்தைத் தாங்கும் தசைநார்கள் அறுந்திருந்தன. கட்டுப் போட்டால் அவை சேராவாம். "மூட்டை ஒட்ட வெச்சிரலாம்மா. அப்புறம் மடங்காது. ஆனா வலியில்லாம ஓடுவான்" என்றார் டாக்டர்.

மடக்க முடியாத காலோடு எப்படி ஓடுவான் என்று நான் கலங்கினேன். நாய் நிற்கும்போது அந்த மூட்டு ஏறக்குறைய நேராகத்தான் இருக்கும். அதே நிலையில் ஒட்டிவிட்டால், தோளும் முழங்கையும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினார்.

இதில் கைவேலைதான் பெரிது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். அது மிஞ்சிய இடத்தில் எலும்போடு எலும்பு சேராது. தோளருகே மேற்கை எலும்பில் சின்னத் துளையிட்டு, பஞ்சுபோன்ற உள்ளெலும்பைத் தோண்டியெடுத்து அந்த இடைவெளியில் அடைக்கிறார்கள். பிறகு பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். எட்டாவது வார எக்ஸ்ரேயில், எலும்புகளுக்கு நடுவே இருந்த கறுப்புக் கோடு பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது தோழியின் 11 வயது லாப்ரடாருக்கும் இதே சிகிச்சை. "ஸ்டெம் செல் போட்டா பிளேட்டே வேண்டாமாமே?" என்று போன வாரம் கேட்டாள்.

பிளேட் கட்டாயம் வேண்டும். மூட்டு அசைந்துகொண்டிருந்தால் எந்தச் செல்லாலும் அதை ஒட்ட முடியாது. ஸ்டெம் செல் உதவக்கூடிய இடம் வேறு. மணிக்கட்டின் மேல் சதை குறைவு என்பதால் எலும்பு சேர நாளாகும். வயது ஏற ஏற மஜ்ஜையில் இந்தச் செல்களும் குறைகின்றன. இளம் நாயிடம்கூட, மஜ்ஜைச் செல் ஒரு லட்சத்தில் இவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால்தான் நாயின் கொழுப்பிலிருந்தோ மஜ்ஜையிலிருந்தோ எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, எலும்புத் துணுக்குகளோடு கலந்து வைத்துப் பார்க்கிறார்கள்.

1991-இல் இவற்றுக்கு 'மீசென்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் சூட்டிய அமெரிக்க அறிஞர் ஆர்னால்ட் கேப்லன், 2017-இல் அந்தப் பெயரையே மாற்ற வேண்டும் என்று எழுதினார். இவை தாமே எலும்பாக மாறுவதைவிட, அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் சேதி அனுப்பி அவற்றிடம் வேலை வாங்குவதே முக்கியம் என்பது அவர் கருத்து. கொத்தனார் வேலையைவிட மேஸ்திரி வேலை. செங்கல்லும் சாரமும் இல்லாத இடத்தில் மேஸ்திரி மட்டும் வந்து என்ன செய்வார்?

அதனால் தோழியிடம் மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். செல் யாருடையது, அதே நாயினுடையதா? உயிரோடிருக்கும் செல்களை எண்ணிப் பார்த்துத்தான் வைக்கிறார்களா? இதற்கு முன் செய்த நாய்களின் எக்ஸ்ரேக்களைக் காட்டுவார்களா? தயங்காமல் பதில் சொல்லும் டாக்டரை நம்பலாம். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஜீவன் அது. அதற்காக நாம்தான் கேட்க வேண்டும்.

எட்டாவது வாரம் அவளோடு நானும் போகிறேன். அந்தக் கறுப்புக் கோடு வெளுப்பதைப் பார்க்க வேண்டும்.