ஒரு தேயிலையும் ஒரு மாதுளையும்

தோட்டக்கலை வரலாற்றில் ராபர்ட் ஃபார்ச்சூனைச் சாகச வீரராகப் போற்றுவது நமக்கு உடன்பாடன்று. 1848இல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்ப, அவர் தலை மழித்து, சடை தரித்து, சீனராக வேடமிட்டு, அந்நியருக்குத் தடுக்கப்பட்ட உட்பகுதிகளில் வேவு பார்த்தார். தேயிலைக் கன்றுகளையும் விதைகளையும் கண்ணாடிப் பெட்டிகளில் இமயமலைச் சரிவுகளுக்கு அனுப்பினார். துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கின்றது. வணிக இலாபத்திற்காகச் செய்தால் அது ஆகுமாகிவிடாது.

செடி நாடு கடப்பதில் குற்றமில்லை. அப்பாஸியரிடமிருந்து தப்பி 755இல் ஸ்பெயின் சேர்ந்த உமையா இளவரசர் அப்துர் ரஹ்மான், குர்துபா அருகே தோட்டம் அமைத்து, பாட்டனார் ஹிஷாமின் சிரிய மாளிகை நினைவாக ருஸாஃபா எனப் பெயரிட்டார். சிரியாவிலிருந்து வந்த மாதுளையை ஸ்பெயின் மண்ணில் முளைக்கச் செய்தவர் ஸஃபர் என்பவர். கனி இளவரசரின் பெயரைப் பெறவில்லை. ‘ஸஃபரீ’ என்றே வழங்கிற்று. ஃபார்ச்சூன் அழைத்துச் சென்ற சீனத் தேயிலைத் தொழிலாளர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்?