தலையில் மாட்டும் மைக்: அலங்காரமா? அவசியமா?



இப்போதெல்லாம் டி.ஜே. என்றாலே தலையில் ஒரு மைக் இருந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. காதுகுத்தோ, கோயில் திருவிழாவோ, கல்யாண வரவேற்போ, கன்னத்தை ஒட்டிக் கறுப்பாக ஒரு கம்பி நீண்டிருந்தால்தான் "செட்டு நல்ல செட்டுப்பா" என்று ஊர் பேசுகிறது. அந்தக் கம்பிக்காகச் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நியாயமா?

ஹெட்செட் மைக் அலங்காரத்துக்காக வந்ததல்ல. 1979-இல் இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் மேடையில் ஆடிக்கொண்டே பாட வேண்டியிருந்தது. கையில் மைக் பிடித்தால் ஆட முடியாது. அவருடைய சவுண்ட் இன்ஜினியர், கோட் மாட்டுகிற கம்பியை வளைத்து அதில் சின்ன மைக்கைக் கட்டித் தலையில் மாட்டிவிட்டார். நம் பக்கத்து நாடக மேடையிலோ தொங்கும் மைக்குக்குக் கீழே வந்து நின்றுதான் வசனம் பேச வேண்டும். இரண்டடி தள்ளிப்போனால் ராஜா குரல் ராஜாவுக்கே கேட்காது. ஆக, கைக்கு வேறு வேலை இருக்கிறவனுக்குத்தான் ஹெட்செட். டி.ஜே.வின் இரண்டு கையும் கன்சோலில் இருக்கின்றன. அவனுக்கு அது அவசியம், மறுக்கவில்லை.

ஆனால் எங்கள் லப்பைக்குடிக்காட்டில் மைக் செட்காரருக்கு வருகிற வேலையில் பெரும்பங்கு பயான் மேடையும் நிக்காஹ் மண்டபமும். நிக்காஹ்வில் ஒரே மைக் இமாமிடமிருந்து பெண்ணின் அத்தாவுக்கும், பிறகு மாப்பிள்ளைக்கும் போகும். அங்கே தலையில் மாட்டும் மைக்கை வைத்து என்ன செய்வது? ஒவ்வொருவர் தொப்பியையும் கழற்றி மாட்டுவதா? நல்ல ஹேண்ட் மைக் இரண்டு போதும். வெள்ளாற்றைத் தாண்டித் திட்டக்குடிப் பக்கம் டி.ஜே. ஆர்டர் அடிக்கடி வருகிறவர் மட்டும் ஹெட்செட் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். "மச்சான், வரும்போது ஒரு கார்ட்லெஸ் செட் வாங்கிட்டு வா" என்று சொல்லிவிடுவது சுலபம். கம்பெனிப் பெயரைச் சொல்வார்கள், கலரைச் சொல்வார்கள். அலைவரிசையை யாரும் சொல்வதில்லை. ஷூர், சென்ஹைசர் போன்ற கம்பெனிகள் ஒரே மாடலைப் பல அலைவரிசைப் பட்டைகளில் விற்கின்றன. நாட்டுக்கு நாடு வேறுபடும். எங்கள் தெருவில் ஓர் அண்ணனுக்கு அப்படி வந்த பழைய செட்டின் பின்னால் 740 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. கடையில் வைத்துப் பார்த்தபோது அருமையாகப் பேசியது. மண்டபத்தில் கூட்டம் சேரச் சேர, கரகர என்று அறுந்து அறுந்து வந்தது. பாதி வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

காரணம் என்ன? 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதி ஜியோவுக்குப் போனது. இந்தப் பட்டையில் 703 முதல் 748 வரை போனிலிருந்து டவருக்கு; 758 முதல் 803 வரை டவரிலிருந்து போனுக்கு. வந்த விருந்தாளிகளின் பாக்கெட்டில் இருக்கும் 5ஜி போன்களோடு அந்த மைக் போட்டி போட வேண்டும். அமெரிக்காவில் 2010 ஜூன் 12 முதல் இந்தப் பட்டையில் வயர்லெஸ் மைக்கையே தடை செய்துவிட்டார்கள். கடையில் விற்கிறான் என்பதாலேயே அலைவரிசை நமக்குச் சொந்தமாகிவிடாது. அது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை கையில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுக்கு லைசென்ஸ் தேவையில்லைதான், ஆனால் வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் குடியிருக்கின்றன. சின்ன ஹாலுக்குச் சரி, நெரிசலான மண்டபத்தில் நம்ப முடியாது.

இரண்டு மூன்று மைக் ஒன்றாக ஓட்டுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 600, 601 என்று இரண்டு மைக் ஓடினால், அவை இரண்டும் கலந்து 599-லும் 602-லும் பொய்யான சிக்னல்கள் பிறக்கும். மூன்றாவது மைக்கை 602-ல் வைத்தால் வம்புதான். ரிசீவரில் இரண்டு ஏரியல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து டைவர்சிட்டி என்று ஏமாறவும் வேண்டாம். மலிவான டபுள் செட்டில் மைக்குக்கு ஒரு ஏரியல், அவ்வளவே.

என் அப்பா சவுண்ட் சர்வீஸில் பாக்ஸ் தூக்கியவர். "கீ-ன்னு கத்துனா பாக்ஸத் திருப்பு, இல்லாட்டி மைக்க நகத்து", இதுதான் அவர் கற்ற பாடம். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர் சொன்னதை நமது பாடப் புத்தகம் அப்படியே ஒப்புக்கொள்கிறது. தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 2.5 செ.மீ.-இல் இருக்கும் ஹெட்செட்டையும் 20 செ.மீ.-இல் குத்தியிருக்கும் காலர் மைக்கையும் ஒப்பிட்டால் மூன்று இரட்டிப்பு, அதாவது 18 டெசிபல். அதை ஈடுகட்ட மிக்ஸரில் கெயினை ஏற்றினால் ஹவுலிங் வராமல் என்ன செய்யும்? பாக்ஸுக்குப் பக்கத்திலேயே நிற்கிற டி.ஜே.வுக்குக் காலர் மைக் ஆகாது என்பது இதனால்தான். ஹெட்செட்டிலும், எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னியைவிட, முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு நல்லது. ஆனால் அதை வாய்க்கு நேராகத் திருப்பி, வாயின் ஓரத்தில் வைக்க வேண்டும். வாய்க்கு முன்னால் வைத்தால் "ப்" வரும்போதெல்லாம் வெடிக்கும். தாடையில் வைத்தால் கார்டியாய்டு வாங்கியதே தண்டம். நம் ஆட்கள் பாதிப் பேர் தாடையில்தான் வைக்கிறார்கள், முகம் போட்டோவில் மறையக் கூடாதாம்!

இடுப்பு டிரான்ஸ்மிட்டரில் மியூட் சுவிட்ச் இல்லாத செட்டை வாங்கவே கூடாது. ஹேண்ட் மைக்கைக் கீழே வைத்துவிடலாம். இது வாயை விட்டு நகராது. "இன்னும் சாப்பாடு வரலையாடா" என்று டி.ஜே. கேட்டது பந்தி வரைக்கும் கேட்டிருக்கிறது.

வயர் முதலில் போவது பின்னுக்குப் பக்கத்தில்தான். உதிரி ஹெட்செட் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். ஷூர் பின் வேறு, சென்ஹைசர் பின் வேறு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சேராது.

ஹவுலிங்கைக் காதால் கண்டுபிடிக்கும் என் அப்பா போன்றவர்களுக்கு அலைவரிசை மட்டும் காதில் விழாது. அதை அளக்கிற கருவியும் கணக்கும் நம் லேபில் இருக்கின்றன. மார்கழியில் கல்யாணம் இல்லை, செட்டுகள் கொட்டகையில் சும்மா கிடக்கும். அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேபைத் திறந்து கொடுக்க முதல்வரிடம் அனுமதி கேட்குமாறு நமது மாணவர் மன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன். சுற்று வட்டாரத்துச் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் அவரவர் செட்டோடு வரட்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எந்த அலைவரிசை, எதனோடு எது மோதும் என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக் கொடுப்போம். ஸ்டிக்கர் செலவு என்னுடையது.