எஸ்யூவியை 'எக்ஸ்பெடிஷன்' வண்டியா மாத்தப் போறீங்களா? முதல்ல பழவேற்காடு மணலைப் பாருங்க

வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. இஎம்ஐ இன்னும் 4 வருஷம் பாக்கி. ஆனா ராத்திரி 11 மணிக்கு, ஆஸ்திரேலியாக்காரர் ஒருத்தர் தன் வண்டிக் கூரையில கூடாரம் விரிச்சு, பின்கதவைத் திறந்து அடுப்பு பத்த வைக்கிற வீடியோவைப் பார்த்ததும் உங்களுக்கும் ஒரு ஆசை வருது. மறுநாள் லஞ்ச் டைம்ல லிஃப்ட் கிட் விலை தேடுறீங்க. அடுத்த நாள் ஆல்-டெரைன் டயர். வார இறுதிக்குள்ள ஒரு கடைக்காரர்கிட்ட கொட்டேஷன் வாங்கியாச்சு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆசையில தப்பில்லை, ஆனா குடும்ப வண்டியில கை வைக்காதீங்க. வண்டிக்குள்ள எடுத்துட்டுப் போற சாமானை மாத்துங்க, அது போதும்.

சென்னையில வேலை பார்க்கிறவங்களுக்கு 'ஆஃப்-ரோடு'ன்னா முதல்ல ஞாபகம் வர்ற இடங்கள்ல ஒண்ணு பழவேற்காடு. மீஞ்சூர், பொன்னேரி வழியா 60 கிலோமீட்டருக்குள்ள வந்துடும். சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவோட இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஒரு பக்கம் டச்சுக்காரங்க 1613-ல கட்டின கெல்ட்ரியா கோட்டையோட மிச்சம், இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கம், சீசன்ல பூநாரைக் கூட்டம். இதையெல்லாம் பார்க்க எந்த மாற்றமும் செய்யாத சாதா ஹேட்ச்பேக் போதும். ஊர் வரைக்கும் தார் ரோடு இருக்கு. நீங்க ஆசைப்படுற 'ஆஃப்-ரோடு' தார் முடியிற இடத்துக்கு அப்புறம், குப்பங்களைச் சுத்தி இருக்கிற சில கிலோமீட்டர் மணல் தடம் மட்டும்தான். வருஷத்துக்கு எத்தனை தடவை போவீங்க? இரண்டு? மூணு?

அந்த மணல்ல என்ன ஓடுதுன்னு ஒரு நிமிஷம் கவனிங்க. பின்னாடி ஐஸ் பெட்டி கட்டின டிவிஎஸ் எக்ஸ்எல் ஓடும். நாலு சக்கரமும் சுத்துற 2 டன் எஸ்யூவி மாட்டிக்கும். மணலைப் பொறுத்தவரை எடைதான் முதல் எதிரி. நீங்க போட்டிருக்கிற லிஸ்ட் பூரா எடைதான்: ரூஃப் ரேக், கூரைக் கூடாரம், இரும்பு பம்பர், வின்ச், கூடுதல் பேட்டரி, பின்னாடி மர டிராயர். எல்லாம் மாட்டினா 200 கிலோவை சுலபமா தொட்டுடும். அதுலயும் பாதி எடை கூரை மேல. பெரும்பாலான குடும்ப எஸ்யூவிகளுக்கு ஓடும்போது கூரை தாங்குற எடைன்னு ஓனர் மேனுவல்ல போட்டிருக்கிறது ரொம்பக் கம்மி, நிறைய வண்டிக்கு 50 முதல் 75 கிலோதான். ஒரு கூடாரமும் அதைத் தாங்குற ரேக்கும் சேர்ந்தாலே அந்தக் கணக்கு முடிஞ்சது. அப்புறம் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்ல 100 கிலோமீட்டர் வேகத்துல திடீர்னு பிரேக் போடணும்னா, பின் சீட்ல குழந்தை உட்கார்ந்திருக்கிற அந்த வண்டி எப்படி நடந்துக்கும்னு யோசிங்க.

மணல்ல வண்டியைக் காப்பாத்துறது டயர்ல இருந்து நீங்க வெளியே விடுற காத்து. அதுக்கு ஒரு ரூபா செலவில்லை. ரோட்ல 33 பிஎஸ்ஐ வைக்கிற டயரை மணலுக்கு 18 பக்கம் இறக்கினா, டயர் தரையில பதியிற பரப்பு நீளமாகும், எடை பரவும், வண்டி புதையாம மிதக்கும். இறக்கின பிறகு மெதுவா போகணும், ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிக்கக் கூடாது. ஒடிச்சா டயர் ரிம்மை விட்டு வந்துடும். தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி திரும்பக் காத்து அடிச்சே ஆகணும். இதுக்கு வேண்டியது ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர், ஒரு நல்ல பிரஷர் கேஜ், ஒரு இழுவை பெல்ட்டும் ஷேக்கிளும், ஒரு ஜோடி மணல் பலகை, ஒரு மண்வெட்டி. எல்லாம் சேர்த்து தோராயமா 15 முதல் 20 ஆயிரம். வண்டியை வித்தாலும் சாமான் உங்ககிட்டயே இருக்கும், அடுத்த வண்டிக்கும் ஆகும்.

இன்னொண்ணு. உங்க வண்டி ஃப்ரண்ட் வீல் டிரைவ்னா (மாசத் தவணையில வாங்குற பெரும்பாலான 'எஸ்யூவி'கள் அதுதான்) லிஃப்ட் கிட் போட்டாலும் அது ஃப்ரண்ட் வீல் டிரைவ்தான். உயரம் ஏறும், பிடிமானம் ஏறாது. தார் முடியிற இடத்துல நிறுத்திட்டு நடங்க.

ஏரியில மீன் பிடிக்கிறவங்க இந்த விஷயத்துல நம்மளைவிடத் தெளிவு. நண்டுக்கு ஒரு வலை, இறாலுக்கு ஒரு வலை, மடவைக்கு ஒரு வலை. சீசனுக்கு ஏத்த மாதிரி வலை மாறும், அதுக்காக யாரும் படகை அறுத்து வேற மாதிரி கட்டுறதில்லை. படகுங்கிறது முதலீடு, அதுல கை வச்சா பொழப்பு போகும். அங்க 'பாடு'ன்னு ஒரு பழைய முறையும் உண்டு. நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. எல்லாருக்கும் எல்லா நாளும் எல்லா இடமும் வேணும்னு நினைச்சா ஏரி தாங்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். உங்க நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒரு மீட்பு செட் வாங்கி முறை வச்சு எடுத்துட்டுப் போனா, தலைக்கு 5 ஆயிரம்கூட வராது.

சட்டமும் பாலிசியும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு ரொம்ப நேரடியானது. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துல இருந்து ஆர்சி மாறுபடுற மாதிரி உரிமையாளர் வண்டியை மாத்தக் கூடாது. கேரளத்துல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சிருக்கு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா 6 மாசம் வரை சிறை, இல்லைன்னா இரண்டும்னு இருக்கு. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்'ங்கிறதைத் திரும்பப் படிங்க. முன்னாடி மாட்டுற இரும்பு புல் பார் சட்டத்துக்கு விரோதம்னு மத்திய அரசு 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்கு எழுதியாச்சு. மூணாவது வரிசை சீட்டைக் கழட்டிட்டு நிரந்தரமா கட்டில் போட்டா, ஆர்சியில இருக்கிற சீட் எண்ணிக்கையே பொய்யாகிடும். சீட்டை மடிச்சு, மேல எடுத்து வைக்கிற பிளைவுட் பலகை போட்டா அந்தத் தொல்லை இல்லை. தூக்கமும் அதே தூக்கம்தான்.

அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை இன்சூரன்ஸ். நீங்க பிரீமியம் கட்டுறது ஷோரூம்ல இருந்து வந்த வண்டிக்கு. மாத்தினதைச் சொல்லாம விட்டு, பெரிய விபத்து நடந்து, சர்வேயர் வந்து பார்த்து 'இது பாலிசியில இருக்கிற வண்டி இல்லையே'ன்னு எழுதினா, கிளெய்ம் நிக்காம போகலாம். அப்பவும் இஎம்ஐ 5-ம் தேதி போகும். ஐடிவியிலயும் நீங்க மாட்டின சாமான் தானா சேராது, பில்லோட சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டினாதான் உண்டு.

ஸ்னார்க்கல் பத்தியும் கேட்கிறீங்க. யோசிச்சுப் பாருங்க, உங்க வண்டி வாழ்நாள்ல பார்க்கப் போற அதிக ஆழத் தண்ணி எது? பழவேற்காடு ஏரி இல்லை. முடிச்சூரோ வேளச்சேரியோ பள்ளிக்கரணையோ. 2015 டிசம்பர்லயும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் அப்பவும் சென்னை பார்த்தது அதைத்தான். அந்த நாள்ல உதவுறது 'இன்ஜின் புரொடெக்ஷன்' ஆட்-ஆன். சாதா பாலிசியில, தண்ணி புகுந்த பிறகு ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்த இன்ஜினுக்குப் பணம் வராது. இந்த ஆட்-ஆன் ஒரு ஸ்னார்க்கல் விலையில சின்னப் பங்குதான். ரினியூவல் தேதி எப்போன்னு இன்னிக்கே பாருங்க.

கணக்கு

லிஃப்ட் கிட், டயர், ரேக், கூடாரம், விளக்கு, பம்பர்னு ஒழுங்கா போட்டா 3 லட்சம் சுலபமா ஆகும். கையில காசு இல்லாம 13% பர்சனல் லோன் எடுத்தா, 3 வருஷத்துக்கு மாசம் சுமார் 10,100. மொத்தம் 3.64 லட்சம் கட்டுவீங்க. இதையே எஸ்ஐபில போட்டா எவ்வளவுங்கிற கணக்கை நான் இங்க போடப் போறதில்லை, உங்களுக்கே மனப்பாடமா தெரியும். நான் சொல்ல வர்றது வேற: விக்கும்போது இந்த 3 லட்சத்துக்கு யாரும் விலை தர மாட்டாங்க. குடும்பத்துக்கு வண்டி தேடுறவர் இந்த வண்டியைப் பார்த்தாலே விலகிப் போவார்.

நிஜமாவே மாசம் ஒரு தடவை காடு மேடுன்னு போற ஆளா நீங்க? அப்ப குடும்ப வண்டியை மாத்துறதுக்குப் பதிலா, கம்பெனியே அதுக்காகக் கட்டின வண்டியைப் பழசா வாங்குங்க. தார், கூர்க்கா, ஜிப்ஸி இருக்கு. 2023-ல வந்த ஜிம்னிக்கு எல்லா வேரியன்ட்லயும் லோ ரேஞ்சோட 4x4 வருது. அது ஆர்சியிலயும் இருக்கு, பாலிசியிலயும் இருக்கு. இரண்டு வண்டிக்கு பட்ஜெட் இல்லைன்னா, அந்த வார இறுதிக்கு மட்டும் வாடகைக்கு எடுங்க. செல்ஃப் டிரைவ் வாடகை ஒப்பந்தத்துல 'ஆஃப்-ரோடு கூடாது'ன்னு போட்டிருக்கான்னு மட்டும் முதல்ல படிச்சுடுங்க.

போறவங்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரை உங்க டிராக் இல்லை, அந்தக் குப்பத்து ஆளுங்களோட வேலையிடம். மணல்ல விரிச்சிருக்கிற வலை மேல ஒரு டயர் ஏறினா ஒரு குடும்பத்தோட சம்பாத்தியம் போச்சு. ஜனவரியில இருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டை போட இந்தக் கரைக்கு வரும், அந்த மாசங்கள்ல ராத்திரி அங்க ஹெட்லைட்டே வேண்டாம். ஏரியில பறவைகள் சரணாலயப் பகுதி இருக்கு, வனத்துறை அனுமதியில்லாம உள்ள போகக் கூடாது. கோடையில ஏரி ஓரம் காஞ்சு வெள்ளையா, கெட்டியா தெரியும். மேல உப்புப் படலம், கீழ சேறு. முகத்துவாரம் பக்கம் மணல் அடிக்கடி இடம் மாறும், போன வருஷம் போன தடம் இந்த வருஷம் இருக்காது. அதனால மேப்பை நம்பாம, வலை சரி பண்ணிட்டு இருக்கிற அண்ணன்கிட்ட "வண்டி போகுமாண்ணே?"ன்னு கேளுங்க. "போகாது தம்பி"ன்னா திரும்பிடுங்க. மாட்டிக்கிட்டு, இழுத்துவிட டிராக்டர் வந்தா பேரம் பேசாம காசு கொடுங்க.

வீட்டுக்கு வந்த அன்னிக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணியில அலசுங்க. உப்பு சேறு ஒரு வாரம் ஒட்டியிருந்தா சேஸிஸ்ல துரு ஆரம்பிச்சுடும், அது எந்த வாரண்டியிலயும் வராது.